செக்குபந்தி

வெள்ளம் வடிந்த ஒன்பதாம் நாள்
எதிர்வீட்டுத் தணிகாசலம் என் மொட்டைமாடிக்கு ஏறி வந்தார்.
துவைத்தும் போகாத சேற்றுக்கோடு அவர் லுங்கியில்.
தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி
பக்கத்து மனை முருங்கை வரை போகும்
என் ஏரியல் கம்பியை
கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதுவும் அங்கதான் பேசுதா மேடம்?"
"எங்க?"
"வடக்க. பனிக்காட்டுல.
கம்பம் கம்பமா நட்டு
ஆகாசத்தச் சுட வைக்கிறானாமே."

போனை நீட்டினார்.
வரிசை வரிசையாய்க் கம்பங்கள்,
இலையும் காயும் உதிர்ந்த தோப்புபோல.
பின்னால் எந்த ஊரிலோ பதிவான இடி.
ஒரு குரல் கேட்கிறது:
கரை ஏற வேண்டிய புயல்
நம் ஊருக்கு நேரே ஏன் நின்றது?
நிறுத்தியது யார்?

சொன்னேன்.
தொலைபேசி இலாகாவில் இருபத்தெட்டு வருஷம்,
ஹாம் ரேடியோ லைசென்ஸ் அதற்கும் முன்னால்,
சொல்லத் தெரியும் எனக்கு.
அவர்கள் சூடாக்கிப் பார்ப்பது
நூறு கிலோமீட்டருக்கு மேலே, சார்,
அங்கே மேகமே கிடையாது.
நம் மழை பதினைந்து, பதினாறுக்குள் முடிந்துபோகிற விவகாரம்.

தலையாட்டினார்,
சில்லறை இல்லை என்ற கண்டக்டரிடம்
பயணி தலையாட்டுவதுபோல்.

அப்புறம்தான் கொடியைப் பார்த்தார்.
பீரோவின் அடித்தட்டில் நனைந்த பத்திரங்களைப்
பக்கம் பக்கமாகக் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தேன்.
சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே புங்க மரத்தடியில்
முப்பத்தோரு வருஷம் பத்திரம் எழுதியவர்.
என்னுடையதும் அவர் எழுதியதே.
கண்ணாடி இல்லாமலேயே படித்தார்,
ராகம் மாறாமல்:

"இதற்குச் செக்குபந்தியாவது,
வடக்கில் இருபதடிப் பொதுவழி..."

பக்கத்துக் கிளிப்பில் தாய்ப்பத்திரம்.
வேறு யார் கையெழுத்தோ. பழைய மை.
வடக்கில் ஏரிக்குப் போகும் வரத்து வாய்க்கால்.

அதை அவர் சத்தம்போட்டுப் படிக்கவில்லை.

எனக்கும் தெரியும்.
அன்றைக்கே இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டு
கிரவுண்டுக்கு எழுபதாயிரம் குறைவு என்று
மை காயும் முன் சங்கீதாவில் டிபன் சாப்பிட்டவள் நான்.
எதிர் மனையை அவரும் வாங்கினார்.
தான் எழுதியதைத் தானே நம்பி,
கடன் வாங்கி, மாடி எடுத்து.

அந்த ராத்திரி கரண்ட் இல்லை, டவர் இல்லை.
கார் பேட்டரியில் செட்டை ஓட்டினேன்.
"நாராயணபுரம், இடுப்பளவு தண்ணீர்,
கோகிலா என்று ஒரு அம்மா, இன்சுலின் தீர்ந்துவிட்டது."
யாரும் எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி.
விடிய ஒரு மணி இருக்கையில்
நெல்லூர்ப் பக்கம் ஒருவர் கேட்டார்,
அரைகுறைத் தமிழில் திருப்பிச் சொன்னார்,
எங்கெங்கோ சுற்றி
காலையில் படகு வந்தது.

வடக்கிலிருந்து வந்தது.
இருபதடிப் பொதுவழியில்,
துடுப்புப் போட்டுக்கொண்டு.

"அவங்ககிட்ட ஒருதடவ கேளுங்களேன் மேடம்.
ஏன் நம்ம தெருன்னு."

செட்டைப் போட்டேன்.
மாலை நேர அலைவரிசை. இரைச்சல்.
காதைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.
"மழ மாதிரியே இருக்கே."
எங்கோ கடலுக்கு மேல் வெட்டும் மின்னல்களும்
பக்கத்துத் தெரு இன்வெர்ட்டரும் கலந்த சத்தம் என்று
சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
வெகுநேரம் கேட்டார்.
யாராவது பெயர் சொல்வார்கள் என்பதுபோல்.

எதிர்வீட்டிலிருந்து கோகிலா கூப்பிட்டார்.
எழுந்தார். காற்றில் கழன்று கிடந்த ஒரு தாளை எடுத்து
ஈரம் பார்த்து, கிளிப்பில் மாட்டினார்,
எழுத்து சுவரைப் பார்க்க.

"அடுத்த ஐப்பசிக்குள்ள
இந்தக் கம்பிய இறக்கிடுங்க மேடம்."

நாலு படி இறங்கும் சத்தம்.
நின்றது.

"இல்ல.
இருக்கட்டும்."